விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்? வரலாற்றுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

என் பேத்திக்கு இரண்டு மதிப்பெண் போனதற்கு நான்தான் காரணம். 'பாஸ்டன் தேநீர் விருந்து நிகழக் காரணம் யாது?' என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். (அமெரிக்கா பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 1773இல், பாஸ்டன் துறைமுகத்தில் அங்கே குடியேறியிருந்த மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டிய நிகழ்ச்சி அது.) 'ஆங்கில அரசு தேயிலை மீதான வரியை உயர்த்தியது. விலை ஏறியதால் சினமுற்ற குடியேற்ற மக்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தனர்' என்பது அவளுடைய குறிப்பேட்டில் இருந்த விடை. முதல் நாள் மாலை அவள் அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 'விலை ஏறவில்லை கண்ணம்மா, இறங்கியது' என்று சொல்லிவிட்டேன். அவளும் தாத்தா சொல்லைத் தட்டாமல் அப்படியே எழுதிவிட்டு வந்தாள். விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி.

எந்தப் பள்ளி, எந்தக் குறிப்பேடு என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. இந்த வாக்கியம் ஒரே இடத்தில் பிறந்ததும் அல்ல. என் காலத்திலும் இதையேதான் மனப்பாடம் செய்தேன்.

நான் வரலாறு படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு தீர்வை கட்டி, முத்திரை வாங்கி, வாயிலைத் தாண்டி லாரியில் ஏறும்வரை அதன் பின்னால் காகிதங்களோடு ஓடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழக்கத்தில் 1773ஆம் ஆண்டின் கதையைப் படிக்கத் தொடங்கினேன். வீரவசனங்களுக்கு நடுவே எனக்குப் பழக்கமான சொற்கள் எட்டிப் பார்த்தன: தீர்வை, டிராபேக், கன்சைனி, கெடு நாள். அன்றிலிருந்து அந்தப் பாடத்தை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

ஒரு சின்ன ஏற்பாடு. எடையை ராத்தல் (சுமார் 450 கிராம்) என்றே எழுதுகிறேன். பவுண்டு என்று எழுதினால் பணமா எடையா என்று குழப்பம் வரும்.

முதலில் சரக்கு எந்த வழியாகப் போனது என்று பார்ப்போம். அந்தப் பெட்டிகளில் இருந்தது முழுக்கச் சீனத் தேயிலை. அஸ்ஸாமிலோ நீலகிரியிலோ இலங்கையிலோ அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. காண்டன் துறைமுகத்தில் வாங்கி லண்டனுக்குக் கொண்டுவரும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டுமே இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிலிருந்து மட்டுமே தேயிலை வாங்கலாம் என்று 1721இல் சட்டம் வந்தது. ஆனால் கம்பெனி நேராக அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது. லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த தன் தலைமையகத்தில் ஏலம் போட்டுத்தான் விற்க வேண்டும். ஏலம் எடுத்த லண்டன் வணிகர் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ உள்ள வணிகருக்கு அனுப்புவார். அவர் கடைக்காரருக்குத் தருவார். ஒவ்வொரு கையிலும் ஒரு லாபம். லண்டனில் கட்டிய இறக்குமதித் தீர்வை வேறு.

இந்தத் தீர்வையில்தான் நம் பாடநூல்கள் வழுக்கி விழுகின்றன. வெளிநாட்டுச் சரக்கு ஒரு துறைமுகத்தில் இறங்கி அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போனால், கட்டிய தீர்வையைத் திருப்பித் தருவார்கள். அதற்கு டிராபேக் என்று பெயர். இன்றைக்கும் நம் ஏற்றுமதியாளர்கள் தினமும் உச்சரிக்கும் சொல் அது. அமெரிக்காவுக்குப் போகும் தேயிலைக்கு 1767இல் அந்தத் தீர்வை முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்த சட்டம், அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு ராத்தல் தேயிலைக்கும் 3 பென்ஸ் புதுத் தீர்வை போட்டது. கண்ணாடி, காகிதம், ஈயம், வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்கும் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 1770இல் மற்றவற்றை நீக்கிவிட்டுத் தேயிலையை மட்டும் விட்டுவைத்தார்கள். வரி போடும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்று காட்ட ஓர் ஆணி வேண்டியிருந்தது. சுவரில் அந்த ஒன்றை மட்டும் பிடுங்காமல் விட்டார்கள். 1772இல் டிராபேக்கை ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்தார்கள். 1773 மே மாதத் தேயிலைச் சட்டம் அதை மீண்டும் முழுமையாக்கியது. கூடவே, கம்பெனி ஏலம் போடாமல் தானே கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றும் அனுமதித்தது.

தீர்வை திரும்பி வருகிறது, லண்டன் ஏலக்காரரின் லாபம் இல்லை, இடையில் இருந்த அமெரிக்க மொத்த வணிகரும் இல்லை. விலை எங்கே போகும்? முன்பு ராத்தல் சுமார் 3 ஷில்லிங்குக்கு (ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ்) விற்ற சாதாரணக் கறுப்புத் தேயிலை, 3 பென்ஸ் வரியையும் சேர்த்துச் சுமார் 2 ஷில்லிங்குக்கு வந்துவிடும் என்பது கணக்கு. டச்சுக்காரர்களிடமிருந்து திருட்டுத்தனமாக வந்த தேயிலையே 2 ஷில்லிங் 1 பென்னி. சட்டப்படி வந்த சரக்கு கடத்தல் சரக்கைவிட மலிவு! என் தொழில் வாழ்க்கையில் இப்படி ஓர் அதிசயத்தை நான் பார்த்ததில்லை.

1773ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக ஒரு பென்னி வரிகூடப் போடவில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பழைய 3 பென்ஸ்தான் தொடர்ந்தது. அதை எடுத்துவிடாவிட்டால் அமெரிக்கர்கள் தேயிலையை வாங்க மாட்டார்கள் என்று வில்லியம் டௌடஸ்வெல் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்திலேயே பிரதமர் நார்த் பிரபுவை எச்சரித்தார். நார்த் கேட்கவில்லை. ஆளுநர், நீதிபதிகள் ஆகியோரின் சம்பளம் அந்த வருமானத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உள்ளூர்ச் சபையின் கையை எதிர்பார்க்காத ஆளுநர் லண்டனுக்குத் தேவைப்பட்டார்.

சலுகை ஏன் வந்தது? கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. லண்டன் கிடங்குகளில் ஒன்றரைக் கோடி ராத்தலுக்கு மேல் தேயிலை தேங்கிக் கிடந்தது. 1772இல் லண்டனில் வங்கிகள் சரிந்து கடன் கிடைக்காமல் போனது. 1769-70இன் பெரும் பஞ்சம் வங்காளத்தைத் தின்றிருந்தது. போர்ச் செலவு ஒரு பக்கம், அரசுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய 4 லட்சம் பவுண்டு மறுபக்கம். அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கம்பெனியின் மூக்கணாங்கயிற்றை ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே தன் கையில் வாங்கிக்கொண்டது. ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒரு பாடத்திலும் தேயிலைச் சட்டத்தை வேறொரு பாடத்திலும் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் 1773ஆம் ஆண்டில் ஒரே நோயாளிக்கு எழுதிய இரண்டு மருந்துச் சீட்டுகள் என்று எந்த மாணவருக்கும் தெரிவதில்லை.

அதே 1773 செப்டம்பரில் கம்பெனிப் படை ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சைக் கோட்டையைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் பாஸ்டன் அவ்வளவு தொலைவில் இருக்காது. அமெரிக்கர்களுக்கு நம் பக்கத்துச் செய்தி எட்டாமலும் இல்லை. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் 1773 நவம்பரில் எழுதிய கடிதத்தில் வங்காளப் பஞ்சத்தையே எடுத்துக்காட்டினார். நிலம் விளையாததால் மக்கள் சாகவில்லை, கம்பெனியும் அதன் ஊழியர்களும் உணவைப் பதுக்கியதால் பதினைந்து லட்சம் பேர் மாண்டதாகச் சொல்கிறார்கள் என்று எழுதி, அதே கம்பெனி இப்போது நம் பக்கம் கண் வைத்திருக்கிறது என்று தன் மக்களை எச்சரித்தார். ஃபிலடெல்ஃபியாவில் ஒருவர் வங்காளத்தைக் காட்டித் தேயிலையை மறுத்திருக்கிறார். நம் நூல்களில் இதற்கு அரைவரி இடம் இல்லை.

இப்போது வணிகர்களுக்கு வருகிறேன். கம்பெனி தன் தேயிலையை விற்றுத்தர ஒவ்வொரு துறைமுகத்திலும் சிலரை மட்டும் கன்சைனியாக நியமித்தது. பாஸ்டனில் அந்தப் பட்டியலில் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் இரண்டு மகன்கள் இருந்தார்கள். ரிச்சர்ட் கிளார்க், பெஞ்சமின் ஃபானுயில், ஜோஷுவா வின்ஸ்லோ ஆகியோர் மற்றவர்கள். பட்டியலில் இடம்பெறாதவர் அதுவரை நேர்மையாகத் தீர்வை கட்டி இறக்குமதி செய்தவராக இருந்தாலும் சரி, இரவில் டச்சுச் சரக்கை இறக்கியவராக இருந்தாலும் சரி, கடையைக் கட்ட வேண்டியதுதான். கடத்தல்காரர்களின் சதி என்று மட்டும் சிலர் எழுதுவதும் அதனால் சரியில்லை. நியூயார்க்கும் ஃபிலடெல்ஃபியாவும் பெரும்பாலும் கள்ளத் தேயிலையைக் குடித்தன. பாஸ்டனிலோ தீர்வை கட்டிய தேயிலையும் நிறையவே இறங்கியது. இன்று தேயிலை, நாளை இதே வழியில் வேறு சரக்கு என்ற அச்சம் இரு தரப்பையும் ஒரே பக்கம் தள்ளியது. கன்சைனி பட்டியலைப் பார்த்து வயிறெரிகிற வணிகர்களை நானும் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சலுக்கு நாடு, காலம் எதுவும் கிடையாது.

இருந்தாலும் பெட்டிகளை உடைத்தவர்களில் பலர் இளம் கைவினைஞர்களும் தொழில் பழகும் பையன்களும்தான். அவர்களுக்கு மொத்த வணிகத்தில் பங்கில்லை. நாங்கள் தேர்ந்தெடுக்காத சபை எங்களிடம் வரி வாங்கக் கூடாது என்ற எண்ணம் அவர்களிடம் உண்மையாகவே இருந்தது. பழைய தவற்றைத் திருத்தப் போய், எல்லாம் பணத்துக்காகத்தான் என்ற புதுத் தவற்றை எழுதிவிடாதீர்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டார்ட்மத் என்ற கப்பல் 1773 நவம்பர் 28 அன்று பாஸ்டன் துறைமுகத்துக்குள் வந்தது. ஒரு கப்பல் சுங்க அலுவலகத்தில் வரவைப் பதிந்துவிட்டால் 20 நாள்களுக்குள் அதிலுள்ள சரக்குக்குத் தீர்வை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அந்தக் கெடு டிசம்பர் 17 அன்று முடிகிறது. (நம் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் 30 நாள்களுக்குள் எடுக்காத சரக்கை விற்றுவிடலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அந்தக் கெடுவைப் பார்த்து நான் இழந்த தூக்கத்துக்குக் கணக்கில்லை.)

கப்பலின் உரிமையாளர் சார்பில் நின்றவர் ஃபிரான்சிஸ் ரோட்ச். இருபத்து மூன்று வயது. திமிங்கிலத் தொழில் செய்த நாண்டக்கட் தீவுக் குடும்பம் அவருடையது. திமிங்கில எண்ணெயை லண்டனில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெறுங்கப்பலாக வராமல் தேயிலையை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்; அவ்வளவுதான். ஊர் மக்கள் மற்றச் சரக்கை இறக்கவிட்டார்கள். தேயிலையை மட்டும் இறக்காதே, திருப்பிக் கொண்டுபோ என்றார்கள். கன்சைனிகள் பயந்து துறைமுகக் கோட்டையில் ஒளிந்துகொண்டார்கள். ரோட்ச் சுங்க அலுவலகத்துக்குப் போனார். தீர்வை கட்டாமல் அனுமதிச் சீட்டு தர முடியாது என்றார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆளுநர் பாஸ் தர மாட்டார். பாஸ் இல்லாமல் புறப்பட்டால் கோட்டைப் பீரங்கி சுடும். தீர்வை கட்டினாலோ ஊர் விடாது.

டிசம்பர் 16. பழைய தெற்குக் கூட்ட மாளிகையில் சுமார் 5,000 பேர் கூடியிருந்தார்கள். ஆளுநரிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டு வா என்று ரோட்சை அனுப்பினார்கள். அந்தக் குளிரில் அவர் ஊருக்கு வெளியே மில்டனில் இருந்த ஆளுநரின் வீட்டுக்குப் போனார். ஹட்சின்சன் விதியைச் சொல்லி மறுத்துவிட்டார். ரோட்ச் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. கூட்டம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காத்திருந்தது. அனுமதி இல்லாமலே கப்பலை ஓட்டிப் போவாயா என்று கேட்டார்கள். போனால் நான் அழிந்தேன் என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

அந்த இளைஞரை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு, அங்கிருந்து பெரிய அதிகாரியின் அறைக்கு, 'அந்தச் சீட்டு இருந்தால்தான் இந்தச் சீட்டு' என்ற ஒரே பதிலோடு திரும்பி வரும் பையன்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! சில ஆண்டுகள் நானே அந்தப் பையனாக இருந்தேன்.

அன்றிரவே மூன்று கப்பல்களில் ஏறிச் சுமார் 340 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். 92,000 ராத்தலுக்கு மேல். கம்பெனி சொன்ன நட்டம் 9,659 பவுண்டு. வேறு சரக்கைத் தொடவில்லை. ஒரு பூட்டு உடைந்ததற்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். ஏன் 16ஆம் தேதி இரவு? விடிந்தால் 17, சுங்கம் தேயிலையைக் கைப்பற்றிக் கரையில் இறக்கிவிடும், பிறகு எந்த வழியிலாவது அது கடைக்கு வந்துவிடும். அந்த இரவைத் தேர்ந்தெடுத்தது சுங்க விதியின் இருபதாம் நாள். 'சினமுற்ற மக்கள்' என்று நீங்கள் எழுதும் இரண்டு சொற்களுக்குள் இந்த நாட்கணக்கு முழுவதும் மூழ்கிப் போகிறது.

வேறு துறைமுகங்களிலும் இதே சரக்குப் போனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியாவுக்குப் போன கப்பலை இறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். சார்ல்ஸ்டனில் தீர்வை கட்டாததால் சுங்கம் தேயிலையைக் கைப்பற்றி ஒரு கட்டடத்தின் நிலவறையில் பூட்டியது. சில ஆண்டு கழித்துப் புரட்சிக்காரர்கள் அதை எடுத்து விற்றுச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே சட்டம், ஒரே சரக்கு, ஊருக்கு ஒரு முடிவு. 'தேநீர் விருந்து' என்ற பெயரே அரை நூற்றாண்டு கழித்துத்தான் அச்சில் புழங்கத் தொடங்கியது.

வரி கூடினால் என்ன ஆகும் என்று கற்பிக்க வேண்டுமானால் அதற்கும் தேயிலையே உதவும். ஆனால் அதற்கு அட்லாண்டிக்கின் இந்தக் கரைக்கு வர வேண்டும். இங்கிலாந்திலேயே தேயிலை மீது அத்தனை தீர்வை இருந்தது. 1745இல் கொஞ்சம் குறைத்தார்கள். பிறகு போருக்குப் போர் ஏற்றினார்கள். 1784இல் அது 119 சதவீதம். சரக்கின் விலையைவிட வரி அதிகம். விளைவு, ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் இரவோடு இரவாகத் தேயிலை கரையேறியது.

1747 அக்டோபரில் பூல் என்ற துறைமுகத்தில், பிடிபட்ட தேயிலையைச் சுங்க அலுவலகத்தின் கதவை உடைத்து ஒரு கும்பல் திரும்ப எடுத்துப் போனது. பூட்டை உடைத்ததற்காக எந்தக் கவலையும் படவில்லை என்பது வேறு விஷயம். வழியில் ஓர் ஊரில் மக்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கும்பலில் ஒருவன் தனக்குத் தெரிந்த செருப்புத் தொழிலாளி டேனியல் சேட்டரைப் பார்த்து ஒரு பை தேயிலையை எறிந்துவிட்டுப் போனான். அந்த அறிமுகமே சேட்டருக்கு எமனாயிற்று. சாட்சி சொல்லப் போன அவரையும், உடன் போன சுங்க ஊழியர் வில்லியம் கேலியையும் 1748இல் கடத்தல்காரர்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள்.

எல்லோரும் இப்படிக் கொடியவர்கள் என்றில்லை. நார்ஃபோக் பக்கத்துப் பாதிரியார் ஜேம்ஸ் உட்ஃபோர்டு 1777 மார்ச் மாதத் தன் நாட்குறிப்பில், இரவு பதினோரு மணிக்கு ஆண்ட்ரூஸ் என்ற கடத்தல்காரன் ஆறு ராத்தல் ஹைசன் என்ற பச்சைத் தேயிலை கொண்டுவந்ததாகவும், சன்னலுக்குக் கீழே விசிலடித்துத் தங்களைச் சற்றுப் பயமுறுத்திவிட்டதாகவும், அவனுக்கு ஜின் கொடுத்துப் பணத்தைத் தந்ததாகவும் எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நின்று அவர் என்ன உபதேசம் செய்தாரோ! கடத்தல் தேயிலையும் வாங்க முடியாதவர்களுக்கு ஆஷ் மர இலையைக் காயவைத்து, சாயமேற்றி, தேயிலை என்று விற்றார்கள். இலைகளைக் கலப்பதைத் தடுக்க 1777இல் தனிச் சட்டமே வந்தது.

1784இல் இளம் பிரதமர் வில்லியம் பிட், லண்டன் தேயிலை வணிகர்களின் தலைவர் ரிச்சர்ட் ட்வைனிங்கிடம் யோசனை கேட்டார். தீர்வையை 12.5 சதவீதமாக வெட்டினார். இழந்த வருமானத்துக்காக வீட்டுச் சன்னல்களின் மீதான வரியை ஏற்றினார். சன்னலைக் கடத்த முடியாதல்லவா? சட்டப்படி விற்ற தேயிலையின் அளவு மிகச் சில காலத்திலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. கடத்தல்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. கம்பெனிக்கு மீண்டும் கொண்டாட்டம். இங்கும் வணிகர் ஒருவர் விதியை மாற்றச் சொன்னார். அதில் அவருக்கு லாபம் இருந்தது. ஊருக்கும் லாபம் இருந்தது. பாஸ்டனையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இறக்குமதித் தீர்வை என்றால் என்ன என்று ஒரே வகுப்பில் விளங்கிவிடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதுப் பாடம் வேண்டாம், பக்கத்தைக் கூட்ட வேண்டாம். அந்த ஒரு விடையை மட்டும் மாற்றுங்கள். என் தரப்பில் ஒரு வரைவு தருகிறேன், மொழியைச் சீர்செய்துகொள்ளுங்கள்: '1773ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைத்தது, ஆனால் பழைய வரியை நீக்கவில்லை, விற்கும் உரிமையைக் கம்பெனியும் அது நியமித்த சிலரும் மட்டும் வைத்துக்கொள்ள வழிசெய்தது.' மூன்று துண்டு. மனப்பாடம் செய்யவும் எளிது.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். வகுப்பில் ஒரு மாணவரை ரோட்சாக நிறுத்துங்கள். ஒருவர் சுங்க அதிகாரி, ஒருவர் ஆளுநர், மற்றவர்கள் ஊர். டிசம்பர் 16 காலை என்று சொல்லிவிட்டு நீங்கள் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். என் பேத்தியோடு வீட்டு முற்றத்தில் இதைச் செய்து பார்த்தேன். நான் ஆளுநர். மூன்று முறை சீட்டுக் கேட்டு வந்து மூன்று முறையும் திரும்பிப் போனவள், நான்காவது முறை, 'தாத்தா, அந்தக் கோட்டைப் பீரங்கி எத்தனை தூரம் சுடும்?' என்று கேட்டாள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிளியரிங் ஏஜெண்ட் ஒருவர்